சில்லர் வாங்கிட்டீங்க, பைப் யார் போடுறது?

சிவகாசியில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸுக்குப் புது சில்லர், அதாவது தண்ணீரைக் குளிரவைக்கும் மிஷின், வருகிறது என்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். கிரேன் வந்து நிற்கும், வண்டிகள் சுற்றிப் போகும், பெட்டி மொட்டைமாடிக்கு ஏறும், சாயங்காலம் பூஜை நடக்கும். எந்தக் கம்பெனி, எத்தனை டன், என்ன கம்ப்ரசர் என்று கேட்டால் முதலாளி மனப்பாடமாகச் சொல்வார். "பைப் லைன் யாரு அண்ணாச்சி போடுறா?" என்று கேட்டால் மட்டும், "அதுக்கென்னப்பா, போர் மோட்டாருக்குப் பைப் போட்ட தம்பி இருக்கானே, அவனே போட்டுருவான்" என்பார்.

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தப் பதில்தான். சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், விருதுநகர் என்று இந்த வட்டாரத்தில் குளிர்நீர்க் குழாய் வேலையே பிழைப்பாக இருப்பவன் நான். இங்கே படுத்துவிட்ட சில்லர்களைப் போய்ப் பார்க்கும்போது, கோளாறு பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள் இருப்பதில்லை. அதற்குள் போன தண்ணீரிலும், அந்தத் தண்ணீர் வந்த குழாயிலும்தான் இருக்கும். பல லட்சம் போட்டு மிஷின் வாங்குகிறவர், குழாய்க்கு மட்டும் மிச்சம் மீதிப் பணத்தை ஒதுக்குகிறார். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அச்சு மிஷினுக்கு எதற்குக் குளிர்ந்த தண்ணீர் என்று வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். ஆஃப்செட் மிஷினில் மை நேராகப் பேப்பருக்குப் போவதில்லை. ஒன்றோடொன்று உரசிச் சுற்றும் ரோலர் வரிசை வழியாக மெல்லிய படலமாக இறங்கி வருகிறது. மணிக்குப் பத்தாயிரம் ஷீட்டுக்கு மேல் ஓடும்போது அந்த உரசலில் ரோலர் சூடாகிவிடும். சூடானால் மை இளகும், அதன் பிசுபிசுப்பு குறையும், படம் இல்லாத வெள்ளை இடத்திலும் மை ஏற ஆரம்பிக்கும். இன்னொரு பக்கம், படம் இல்லாத இடத்தில் மை ஒட்டாமல் பிளேட்டை நனைக்கும் டாம்ப்னிங் தண்ணீர். அதில் கலக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் (ஐ.பி.ஏ.) சூட்டில் ஆவியாகிப் பறந்துவிடும். அப்புறம் தண்ணீருக்கும் மைக்கும் உள்ள சமன் கெட்டு, ஆபரேட்டர் சாவியைத் திருகித் திருகிச் சலித்துப்போவார். அதனால்தான் டாம்ப்னிங் தண்ணீரை 10 முதல் 15 டிகிரிக்குள் வைக்கிறார்கள். உள்ளே கூடாக இருக்கும் சில ரோலர்கள் வழியாக 25, 28 டிகிரித் தண்ணீரை ஓடவிட்டு மையை ஒரே பதத்தில் பிடித்துவைக்கிறார்கள். வெளியே சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போதும் உள்ளே இந்தக் கணக்கு மாறக்கூடாது.

பட்டாசு செய்யும் ஷெட்டுகளில் சில்லருக்கு வேலையில்லை. அந்தப் பட்டாசுக்கு டப்பாவும் லேபிளும் அடிக்கும் இடத்தில்தான் இருக்கிறது. ஊரின் கதையும் அதுதானே. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்காக லித்தோ அச்சு வந்தது, அது வளர்ந்து இன்று நாட்டின் காலண்டரும் டைரியும் நோட்டும் இங்கிருந்து போகின்றன. ஆடிப்பெருக்கு அன்றைக்கு அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதிலிருந்து டிசம்பர் முடிய மிஷின் நிற்கக் கூடாது. தீபாவளி டப்பா வேலையும் அதே மாதங்களில்தான் நெருக்கும். சில்லர் படுப்பதும் அப்போதுதான், ஏனென்றால் அப்போதுதான் அது முழுச் சுமையில் ஓடுகிறது.

உலகத்தில் முதல் நவீன ஏ.சி. ஏற்பாடே ஒரு அச்சகத்துக்காக வந்ததுதான் என்பதை இந்த ஊரில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்ற லித்தோ அச்சகம் இருந்தது. கோடைக்காற்றின் ஈரத்தில் பேப்பர் விரிந்து, ஒரு கலருக்கும் அடுத்த கலருக்கும் ரிஜிஸ்டர் விலகிக்கொண்டே இருந்தது. வில்லிஸ் கேரியர் என்ற இளம் எஞ்சினியர் குளிர்ந்த குழாய்ச் சுருளின் மீது காற்றைச் செலுத்தி, அதிலிருந்த ஈரத்தைப் பிரித்தெடுத்துத் தீர்த்துவைத்தார். மனிதர்களின் சுகத்துக்கு ஏ.சி. என்பதெல்லாம் பின்னால் வந்தது. பேப்பருக்காகக் குழாய்க்குள் குளிரை ஓடவிட்டதுதான் முதல்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்: மிஷினிலிருந்து எடுக்கும் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? மிஷினோடு வரும் டாம்ப்னிங் கேபினெட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று காற்றில் ஆறுவது. ரோலரிலிருந்து எடுத்த சூட்டை அதே ஹாலுக்குள் ஊதிவிடும். ஹாலில் ஏ.சி. இருந்தால் அந்தச் சூட்டை அது மறுபடி எடுக்க வேண்டும், அதாவது ஒரே சூட்டுக்கு இரண்டு தடவை கரண்ட் பில். இன்னொன்று தண்ணீரில் ஆறுவது. வெளியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் வந்து சூட்டை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடும். இரண்டு மூன்று மிஷின் உள்ள பிரஸ்ஸுக்கு இரண்டாவதுதான் சரி. ஆனால் அது குழாயை நம்பி இருக்கும் ஏற்பாடு.

மாடியில் இருக்கும் சில்லரும் ஏர் கூல்டா, வாட்டர் கூல்டா என்று கேட்பார்கள். கரண்டுக் கணக்கில் வாட்டர் கூல்டு ஜெயிக்கும் என்று புத்தகம் சொல்லும். நம் ஊருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். கூலிங் டவரில் ஒரு டன்னுக்கு மணிக்கு ஆறரை லிட்டர் போலத் தண்ணீர் ஆவியாகும். 20 டன் சில்லர் 20 மணி நேரம் ஓடினால் 2,600 லிட்டர் வானத்துக்குப் போய்விடும். மிச்சம் இருக்கும் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போவதால், ஒரு பகுதியைத் திறந்துவிட்டுப் புதுத்தண்ணீர் சேர்க்க வேண்டும். போர் தண்ணீர் ஏற்கெனவே உவர்ப்பாக இருந்தால் ஆவியான அளவுக்கே திறந்துவிடவும் வேண்டியிருக்கும், அப்போது ஒரு நாளைக்கு 5,000 லிட்டரைத் தாண்டும். குடிக்கிற தண்ணீருக்கே முறை வைத்துப் பிடிக்கும் ஊரில், டேங்கர் லாரித் தண்ணீரை வாங்கி டவரில் ஆவியாக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஏர் கூல்டு சில்லரை நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைத்து, சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு, கண்டென்சர் தகடுகளை மாதாமாதம் கழுவினால் போதும்.

இனி பைப் அளவு. இதில்தான் போர் மோட்டார்த் தம்பி தடுமாறுவார். சில்லரின் பின்பக்கம் என்ன அளவில் வாய் இருக்கிறதோ அதே அளவில் பைப்பை இழுத்துவிடுவது வழக்கம். அந்த வாய் சில்லருக்கான அளவு. உங்கள் கட்டடத்தின் தூரம் அதற்குத் தெரியாது.

கணக்கு ரொம்ப எளிது. ஒரு டன் என்பது மணிக்கு 3,024 கிலோகலோரி. போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் 5 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், 3,024ஐ 5ஆல் வகுக்க வேண்டும், ஒரு டன்னுக்கு மணிக்குச் சுமார் 605 லிட்டர். 20 டன்னுக்கு 12,100 லிட்டர். இதை இரண்டு இஞ்ச் மீடியம் கிளாஸ் எம்.எஸ். (இரும்பு) பைப்பில் விட்டால் விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகம். இரண்டரை இஞ்சில் விட்டால் 0.9 மீட்டர். இரண்டுமே ஓடும். ஆனால் உராய்வு மூன்றரை மடங்கு வித்தியாசப்படும்: இரண்டு இஞ்சில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 5 மீட்டர் ஹெட் (தண்ணீர் உயரக் கணக்கில் சொல்லும் அழுத்தம்) போகும், இரண்டரையில் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. போக வர 120 மீட்டர் லைன், எல்போவும் வால்வும் சேர்த்து 180 மீட்டருக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு இஞ்ச் போட்டதற்காக ஆறு மீட்டருக்கு மேல் ஹெட்டைப் பம்பு வீணாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். நாளுக்கு 20 மணி நேர ஓட்டத்தில் அது கிட்டத்தட்ட 8 யூனிட். பைப் வாங்கும்போது மிச்சம் பிடித்த பணத்தை ஒவ்வொரு மாசமும் மின்வாரியத்துக்குக் கட்டிக்கொண்டிருப்போம்.

பம்பிலும் இதே போல ஒரு தவறான கணக்கு ஓடுகிறது. "கீழ இருந்து மூணு மாடி ஏத்தணும்ல" என்று உயரத்தையும் சேர்த்துப் பெரிய பம்பாக வாங்கிவிடுவார்கள். மூடிய சுற்றில் தண்ணீரை மாடிக்கு ஏற்ற வேண்டிய வேலையே பம்புக்குக் கிடையாது. மேலே போகும் தண்ணீரின் எடைக்கு இணையாக இன்னொரு குழாயில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. பம்பு வெல்ல வேண்டியது உராய்வை மட்டும்தான். இந்தக் கணக்கு எப்போது பிசகும் என்றால், தரையில் ஒரு திறந்த பிளாஸ்டிக் டேங்கை வைத்து அதில் தண்ணீரைத் திருப்பிவிடும்போது. அப்போது உயரம் முழுவதும் பம்பு தலையில் விழும். பம்பு நின்றால் மாடியில் உள்ள தண்ணீர் கீழே இறங்கி, டேங்க் வழிந்து, மேலே குழாய்க்குள் காற்று நிறையும். மறுநாள் காலையில் ஸ்விட்ச் போட்டதும் சில்லர் "தண்ணி இல்லை" என்று அலாரம் அடிக்கும். காற்று புகப் புக உள்ளே துருவும் ஏறும். மூடிய சுற்றாகப் போட்டு, லைனின் உச்சிக்கும் மேலே ஒரு சின்ன எக்ஸ்பான்ஷன் டேங்கை வைத்தால் இவ்வளவும் தீர்ந்துவிடும்.

அடுத்தது எம்.எஸ். பைப்பா, பிளாஸ்டிக் பைப்பா. பி.பி.ஆர். பைப் துருப்பிடிக்காது, தீப்பொறி இல்லாமல் சூட்டுத் தகட்டில் வைத்து ஒட்டலாம். ஹாலுக்குள் மிஷின்களுக்கு இறங்கும் கிளைகளுக்கு எனக்கு அது பிடித்தமான பைப். மொட்டைமாடியில் நீளமாக ஓடும் லைனுக்கு அதையே போட யோசிப்பேன். 60 மீட்டர் நேர்லைன், போடும்போது 35 டிகிரி, ஓடும்போது 8 டிகிரி: எம்.எஸ். பைப் 2 சென்டிமீட்டர் சுருங்கும். சாதாரண பி.பி.ஆர். 24 சென்டிமீட்டர் சுருங்கும்! அதற்கு லூப் விடாமல் கிளாம்பில் இறுக்கிவைத்தால், எங்கேயாவது ஒரு எல்போ பிய்த்துக்கொண்டு வரும். வெயிலின் புறஊதாக் கதிரும் பிளாஸ்டிக்குக்கு எதிரி. ஆகவே மாடிக்கு எம்.எஸ்., ஹாலுக்கு பி.பி.ஆர். என்பது என் பழக்கம்.

எம்.எஸ். என்றால் வெல்டிங். சிவகாசியில் வெல்டிங் என்றால் நான் குரலை உயர்த்தித்தான் பேசுவேன். பிரஸ் என்றால் என்ன? ஆளுயரத்துக்குப் பேப்பர் அடுக்கு, மை டின், ரோலர் கழுவும் கரைப்பான், ஐ.பி.ஏ. கேன். பக்கத்துக் கட்டடத்தில் என்ன இருக்கிறது என்பது பல நேரங்களில் பிரஸ்காரருக்கே தெரியாது. 2016 அக்டோபரில், தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு, இதே ஊரில் பட்டாசு குடோனில் பிடித்த தீயின் புகை பக்கத்து ஸ்கேன் சென்டருக்குள் புகுந்து, பரிசோதனைக்கு வந்திருந்தவர்களின் உயிரையும் கொண்டுபோனதை யாரும் மறந்திருக்க முடியாது. சுவரோடு சுவர் ஒட்டிய ஊர் இது. ஒரு இடத்தில் விழும் பொறி அந்த இடத்தோடு நிற்காது.

வெல்டிங், கட்டிங் வேலைக்கு அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதி சொல்வது இது: சுற்றிலும் 11 மீட்டருக்கு எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது, வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் ஒரு ஆள் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நம் பிரஸ்களில் 11 மீட்டர் காலி இடத்துக்கு எங்கே போவது? அதனால் வெல்டிங்கை ஹாலுக்குள் கொண்டுபோகவே கூடாது. அளவெடுத்து, துண்டு துண்டாக வெளியே ஒர்க்ஷாப்பிலோ காலியான முற்றத்திலோ பற்றவைத்து, இரண்டு முனையிலும் ஃபிளேஞ்ச் வைத்துக் கொண்டுவந்து, போல்ட் போட்டு இணைக்க வேண்டும். பள்ளம் வெட்டி வளையத்தால் இறுக்கும் குரூவ்டு கப்ளிங்கும் இருக்கிறது. விலை கொஞ்சம் கூட, ஆனால் பொறியே கிடையாது. ஃபிளேஞ்சுக்குச் செலவு அதிகம் என்று ஒரு முதலாளி முணுமுணுத்தால், அவருடைய பேப்பர் அடுக்கைக் காட்டிவிட்டுப் பேசாமல் நிற்பேன். ஒப்புக்கொள்ளாதவர்கள் குறைவு.

வேலைக்கு ஏற்ற மாதம் தை, மாசி. காலண்டர் முடிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. பங்குனியில் விருதுநகர் மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு ஆட்கள் ஊருக்குப் போய்விட்டால் திரும்ப வரவழைப்பது பெரும்பாடு. ஆடியை நெருங்கி ஆரம்பித்தால் எல்லாம் அவசர வேலை, அவசரத்தில் முதலில் விடுபடுவது நான் அடுத்துச் சொல்லப்போகும் காரியம்.

கழுவுவது. தொழில் பேச்சில் ஃபிளஷிங் என்போம். குழாய் போட்டு முடித்தவுடன் நேராகச் சில்லரோடு இணைத்துத் தண்ணீரை நிரப்பி பட்டனை அமுக்குவதுதான் இங்கே பரவலாக நடக்கிறது. புதுக் குழாய்தானே, சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைப்பு. ஒரு தடவையாவது, லைனில் குப்பையைப் பிடிக்கும் ஸ்ட்ரெய்னரைக் கழற்றும்போது பக்கத்தில் வந்து நின்று பாருங்கள்.

வொய் ஸ்ட்ரெய்னரின் மூடியை ஸ்பேனரால் தளர்த்தியதும் முதலில் கறுப்பாக, எண்ணெய் நெடியோடு ஒரு தண்ணீர் பீய்ச்சும். பைப் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவி வந்த எண்ணெய் அது. அப்புறம் காவி நிறம். சல்லடையை வெளியே இழுத்துச் செய்தித்தாளில் கவிழ்த்தினால், மிளகு அளவில் வெல்டிங் சிட்டங்கள், கிரைண்டர் சக்கரத்தின் மணல், சுருள் சுருளாக இரும்புச் சீவல், டெஃப்லான் டேப் நூல், வெல்டிங் ராடின் கட்டைத் துண்டு எல்லாம் வரும். ஒருமுறை துடைக்கும் துணியே முழுசாக வந்தது. பைப்புக்குள் தூசி போகக்கூடாது என்று யாரோ வாயில் அடைத்துவிட்டு, எடுக்காமலே இணைத்துவிட்டார்கள். அதைப் பார்த்த பிரஸ் அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஏம்பா, இது உள்ள போயிருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

உள்ளே போயிருந்தால் இதுதான் நடக்கும். இப்போதைய சின்னச் சில்லர்களில் தகடு தகடாக அடுக்கிப் பற்றவைத்த பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர்தான் இருக்கிறது. தகடுகளுக்கு இடையே வழி ஓரிரு மில்லிமீட்டர்தான். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் உறைநிலையை ஒட்டிய குளிரில் கேஸ். வழி அடைபட்டுத் தண்ணீர் மெதுவாகிவிட்டால், தேங்கும் தண்ணீர் தகட்டுக்கு நடுவில் பனிக்கட்டியாகிவிடும். ஐஸ் ஆகும்போது விரியும், விரிந்தால் தகடு கிழியும். கிழிந்த வழியாகத் தண்ணீர் கேஸ் லைனுக்குள் புகுந்து கம்ப்ரசரைத் தொடும். அத்தோடு கதை முடிந்தது, வெளியே 40 டிகிரி வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே. இப்படிப் போன ஒரு சில்லரை இந்தப் பக்கம் ஒரு பிரஸ்ஸில் பார்த்தேன். கம்பெனி ஆட்கள் பிரித்துக் காட்டியபோது தகட்டு வாயில் பொருக்குப் பொருக்காக வெல்டிங் சிட்டம் ஒட்டியிருந்தது. உத்தரவாதத்தில் சேராது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதனால் கழுவும்போது சில்லரையும் மிஷின் கேபினெட்டையும் லைனிலிருந்து பிரித்துவிட வேண்டும். போகும் குழாயையும் வரும் குழாயையும் தற்காலிகமாக ஒரு துண்டு பைப்பால் இணைத்து, பம்பை ஓடவிட வேண்டும். ஓட்டம் வேகமாக இருந்தால்தான் அடியில் கிடக்கும் சிட்டம் கிளம்பி வரும், சொட்டுச் சொட்டாக விட்டுப் பயனில்லை. சில மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, சல்லடையைக் கழுவி, அடிமட்ட டிரெயினைத் திறந்து எல்லாத் தண்ணீரையும் வெளியேற்றி, மறுபடி நிரப்பி ஓட்ட வேண்டும். வெள்ளைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால் நிறமே தெரியக்கூடாது, சல்லடையில் விரலை ஓட்டினால் எதுவும் உரசக்கூடாது. அதுவரை விடக்கூடாது. பெரிய ஃபிளேஞ்சைத் திறக்க நான்கு போல்ட்டைக் கழற்ற அலுத்துக்கொண்டு இந்த வேலையை ஒரு நாளில் முடிக்கப் பார்க்கும் ஆளை அடுத்த வேலைக்குக் கூப்பிடாதீர்கள்.

கழுவுவதற்கு முன்பே பிரஷர் டெஸ்ட் முடிந்திருக்க வேண்டும். ஓடும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, வால்வை மூடி, மறுநாள் வரை விட்டுப் பார்ப்போம். மாடி லைனில் ஒரு நுணுக்கம் உண்டு. மத்தியானம் வெயிலில் சூடான குழாயில் அழுத்தத்தை ஏற்றி வைத்தால், ராத்திரி குளிர்ந்ததும் தண்ணீர் சுருங்கிக் கேஜ் முள் இறங்கிவிடும். லீக் என்று நினைத்து இல்லாத ஓட்டையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். காலை ஆறு மணிக்கு ஏற்றி மறுநாள் காலை ஆறு மணிக்குப் பார்த்தால்தான் சரியான ஒப்பீடு. இன்சுலேஷன் எல்லாம் இதற்குப் பிறகு. முதலில் ரப்பரைச் சுற்றிவிட்டு அப்புறம் லீக் தேடுவது வீண் வேலை.

இன்சுலேஷனை அழகுக்கு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஹால் 34 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின் மேலும் காற்றின் ஈரம் நீராகப் படியும். ஐப்பசி மழையில் 28 டிகிரியும் 85 சதவீதமும் இருக்கும்போதும் அதே 25 டிகிரிதான். நம் குழாயோ 8 டிகிரியில் ஓடுகிறது. வியர்க்காமல் என்ன செய்யும்? அந்த வியர்வை கீழே அடுக்கியிருக்கும் ஆர்ட் பேப்பர் மேல் சொட்டினால் அந்த அடுக்கின் மேல் ரீம் போச்சு. சொட்டாவிட்டாலும் ஓரத்தில் ஈரம் இழுத்த பேப்பர் அலையலையாக நெளிந்து ரிஜிஸ்டர் விலகும். நூறு வருஷத்துக்கும் முன்பு புரூக்ளின் அச்சகத்தில் இருந்த அதே தொல்லையைக் காசு கொடுத்து வாங்கிவைத்த மாதிரி ஆகிவிடும்.

நைட்ரைல் ரப்பர் நல்ல பொருள். அதில் கோட்டை விடுவது எப்போதும் இரண்டு இடத்தில்: கிளாம்பிலும் வால்விலும். ரப்பரைக் கிளாம்ப் வரை கொண்டுவந்து நிறுத்தி, இரும்புக் கிளாம்ப் நேராகக் குழாயைப் பிடித்தால், அந்தக் கிளாம்ப் வழியாகக் குளிர் வெளியே வந்து சரியாக அங்கே சொட்டும். குழாய்க்கும் கிளாம்புக்கும் நடுவில் மரக்கட்டையோ பஃப் நுரைக் கட்டையோ வைத்து, அதன் இரு பக்கமும் ரப்பரைப் பசை போட்டு ஒட்ட வேண்டும். வால்வு, ஸ்ட்ரெய்னர், பம்பின் வாய் எல்லாவற்றுக்கும் கழற்றி மாட்டும்படி தனி உறை வேண்டும். இணைப்பில் ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் ஈரக்காற்று உள்ளே போய், வெளியே தெரியாமல் குழாயை அரித்துக்கொண்டிருக்கும். மாடியில் ரப்பரை வெயிலுக்கு அப்படியே விடக்கூடாது, அலுமினியத் தகடு சுற்ற வேண்டும். பேப்பர் குடோனுக்கு மேலே குழாய் போகாமல் பாதையை மாற்ற முடிந்தால், இன்னும் நாலு எல்போ கூடினாலும் பரவாயில்லை, மாற்றிவிடுங்கள்.

லைனில் நிரப்பும் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. போர் தண்ணீரைப் பிடித்து நிரப்பிவிடுவார்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பாத்திரத்தில் கொதிக்கவைத்தால் வெள்ளையாகப் படியும், எல்லா வீட்டிலும் பார்த்ததுதான். மூடிய சுற்றில் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று பாருங்கள். இரண்டரை இஞ்ச் பைப் ஒரு மீட்டருக்கு நாலு லிட்டர்கூடப் பிடிக்காது. 120 மீட்டருக்கு 450 லிட்டர், பஃபர் டேங்கும் மற்றதும் சேர்த்தாலும் ஆயிரத்தை ஒட்டித்தான் வரும். டாம்ப்னிங்குக்காக ஏற்கெனவே ஆர்.ஓ. வைத்திருக்கும் பிரஸ்கள் நிறைய இருக்கின்றன. அதே ஆர்.ஓ. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்து நிரப்பினால் செலவே இல்லை. வெறும் ஆர்.ஓ. தண்ணீர் இரும்பை அரிக்கும் சுபாவம் உள்ளது, ஆகவே மூடிய சுற்றுக்கென்று விற்கும் துருத்தடுப்பு மருந்தை அளவாகக் கலக்க வேண்டும். செம்புக் குழாயும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயும் சேரும் இடத்தில் நேராக இணைக்காமல் நடுவில் இன்சுலேட்டிங் யூனியன் போட வேண்டும், இல்லாவிட்டால் ஜி.ஐ. பக்கம் சீக்கிரம் அரித்துப்போகும்.

நிரப்பும்போது கீழிருந்து மெதுவாக நிரப்பி, மேலே ஒவ்வொரு மேட்டிலும் ஏர் வென்ட்டைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும். பீம் குறுக்கே வந்தது என்று லைனை மேலே தூக்கி இறக்கிய இடங்களில் வென்ட் வைக்காமல் விட்டால், அந்த வளைவில் காற்று உட்கார்ந்துகொண்டு கடைசி மிஷினுக்குத் தண்ணீரே போகாது. முதல் மிஷின் ஜில்லென்று இருக்கும், மூன்றாவது மிஷின் ஆபரேட்டர் மட்டும் புலம்பிக்கொண்டிருப்பார். காற்றையும் எடுத்தபின் அந்தப் புலம்பல் நிற்காவிட்டால் பேலன்சிங் வால்வைத் திருகி, பக்கத்து மிஷின்களின் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். லைன் போடும்போதே ரிவர்ஸ் ரிட்டர்ன் முறையில், முதல் மிஷினின் தண்ணீர் கடைசியாகத் திரும்பும்படி போட்டிருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. ஒரு பைப் நீளம் கூடும், அவ்வளவுதான்.

ஃப்ளோ ஸ்விட்ச் பற்றி ஒன்றே ஒன்று. தண்ணீர் ஓடாவிட்டால் சில்லரை நிறுத்துவது அதன் வேலை. அதற்கு இரண்டு பக்கமும் பைப் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு நேர்குழாய் இருக்க வேண்டும், எல்போவை ஒட்டி வைத்தால் துடித்துத் துடித்துப் பொய் அலாரம் அடிக்கும். சீசன் நெருக்கத்தில் அந்த அலாரம் தாங்காமல் இரண்டு ஒயரையும் முறுக்கி ஜம்பர் போட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன தகடு கிழியும் கதை அங்கேதான் ஆரம்பிக்கும். ஜம்பர் போடச் சொல்லும் முதலாளியிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வருவதற்கு எங்கள் தொழிலில் இருக்கும் இளைஞர்களுக்குத் தைரியம் வேண்டும். வேலை போகும் என்று பயந்து போட்டுக்கொடுக்கும் தம்பிகளை நான் பார்த்திருக்கிறேன், கோபத்தை விட வேதனைதான் வருகிறது.

வேலையை ஒப்படைக்கும் அன்று மூன்று மிஷினும் முழு வேகத்தில் ஓடும்போது சில்லருக்கும் ஸ்ட்ரெய்னருக்கும் முன்னும் பின்னும் உள்ள பிரஷர் கேஜ், போகும் வரும் தண்ணீரின் டிகிரி, பம்பு இழுக்கும் ஆம்பியர் ஆகியவற்றைக் குறித்து, பம்புக்கு எதிர்ச்சுவரிலேயே தேதியோடு பெயின்ட்டில் எழுதச் சொல்லுங்கள். எந்த வால்வு எங்கே என்ற ஒரு பக்க வரைபடத்தை லேமினேட் பண்ணி அதற்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள். பைப் போட்ட ஆள் ஊர் மாறிப் போய்விட்டாலும், அடுத்து வருகிறவர் சுவரைப் பார்த்தே ஆரம்பிக்கலாம். ஸ்ட்ரெய்னருக்கு முன்பக்க அழுத்தத்துக்கும் பின்பக்க அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் சுவரில் எழுதியதைவிடக் கூடியிருந்தால், சல்லடையைக் கழுவ வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஆனி மாசம் முடிவதற்குள், ஆல்பம் வெளியாகிக் காலண்டர் வேலை தொடங்கும் முன், எதற்கும் ஒருமுறை கழற்றிக் கழுவி மாட்டிவிடுங்கள்.